முயலின் முடி உதிர்ந்தால் முதலில் எதற்குப் பணம் செலவிடுவது?

கேள்வி: ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஹட்டன் நகரத்துக் கடையொன்றில் என் மகளுக்காக இரண்டு வெள்ளை முயல்களை வாங்கினேன். அவற்றில் ஒன்றுக்குக் கழுத்தின் பின்புறத்திலும் தோள்களுக்கு நடுவிலும் முடி உதிர்ந்து தோல் தெரிகிறது; அவ்விடமெங்கும் பொடுகு போன்ற வெள்ளைச் செதில்கள். கடையில் கேட்டபோது, "பருவத்துக்கு முடி கொட்டுவது சகஜம் அக்கா" என்று சொல்லி, பெயர் ஒட்டாத சிறு போத்தலில் ஓர் எண்ணெயை விற்றார்கள். அதில் பலன் இல்லாததால், நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்தை அடுத்ததாக விற்றார்கள். அதை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் விடவில்லை. முயலைத் தூக்கும் மகளின் முன்கைகளிலும் அரிப்புடன் சிவந்த தடிப்புகள் தோன்றியுள்ளன. "விற்ற பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, டிக்கோயா

பதில்: அந்த உண்ணி மருந்தை முயலின் மேல் விட வேண்டாம். பெட்டியைத் திருப்பி, அதில் அடங்கியுள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய்க்குப் பாதுகாப்பான அதே மருந்து முயலுக்கு நஞ்சாகும். உணவை வெறுத்தல், சோர்வு, வலிப்பு என்று தொடங்கி மரணம் வரை கொண்டுபோகக்கூடியது. இந்த அறிகுறிகள் சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், மருந்து விட்ட அன்று முயல் நன்றாக இருந்ததை வைத்து ஆறுதல் அடைய முடியாது. நீங்கள் விடாமல் காத்திருந்து எழுதிக் கேட்டது மிகவும் நல்லது. பெட்டியையும் பெயரில்லாத போத்தலையும் எறிந்துவிடாதீர்கள்; அவை பின்னர் உங்களுக்குச் சான்றாகப் பயன்படும்.

அடுத்து, முடி ஏன் உதிர்கிறது என்பதைப் பார்ப்போம். முயலுக்கு முடி உதிர்வது தனியொரு நோய் அன்று. பல காரணங்களின் வெளித்தோற்றம் அது. எந்த இடத்தில் உதிர்கிறது, அங்கே தோல் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இயல்பான முடிமாற்றமாக இருந்தால் தோல் சுத்தமாக இருக்கும், பழைய முடியின் அடியில் புது முடி முளைத்திருப்பதும் தெரியும். தோலில் எந்த மாற்றமும் இல்லாமல், கத்தரித்தாற்போல முடி குட்டையாகியிருந்தால், கூட இருக்கும் முயல் அதைக் கடிக்கிறது என்று ஐயப்படலாம். காதுக்குள் தடித்த பழுப்பு நிறப் பொருக்குகள் இருந்தால் அது காதுச் சிற்றுண்ணி. மூக்கிலும் கண்ணிமையிலும் பாதங்களிலும் பொருக்குடன் வட்டமாக முடி போனால் படர்தாமரையை நினைக்க வேண்டும். தாடைக்குக் கீழே ஈரமாகி முடி கொட்டினால் பல்லில் கோளாறு இருந்து எச்சில் வடிகிறதா என்றும், பின்னங்கால்களுக்கிடையில் கொட்டினால் சிறுநீர் பட்டுத் தோல் வெந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது இவற்றில் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. கழுத்தின் பின்புறமும் தோள்களின் நடுவும், வெள்ளைச் செதில், தூக்குபவரின் கையில் அரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், செய்லெட்டியெல்லா என்ற உரோமச் சிற்றுண்ணியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். செதில்களுக்கு அடியில் அது நகரும்போது பொடுகே நடப்பது போலத் தோன்றும். இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் முயலின் முதுகை மெல்லச் சீவி, விழுந்த செதில்களை நல்ல வெளிச்சத்தில் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். ஏதேனும் அசைந்தால் விடை கிடைத்துவிட்டது. அசையாவிட்டாலும் சிற்றுண்ணி இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. ஆகவே ஒளி ஊடுருவும் செலோடேப்பைச் செதில் உள்ள இடத்தில் அழுத்தி எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டிலோ சுத்தமான பிளாஸ்டிக் தாளிலோ ஒட்டி, வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நுண்ணோக்கியின் கீழ் அதை வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். இதுவரை நீங்கள் எண்ணெய்க்கும் சொட்டு மருந்துக்கும் செலவிட்ட பணத்துக்கு முன்னால் செலவிட்டிருக்க வேண்டியது இந்தப் பரிசோதனைக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். தோட்டப் பகுதிகளில் அங்கு வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான் என்றாலும், தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனை எல்லா விலங்குகளுக்கும் ஒன்றே. முயலுக்கு மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அது வைத்தியரை அவமதிப்பதாகாது. அங்கே வசதி இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லலாம். ஹட்டனும் பேராதனைச் சந்தியும் ஒரே மலைநாட்டு ரயில் பாதையில் இருப்பதால் பயணம் கடினமாக இராது. காற்றோட்டமுள்ள பெட்டியில் நிறையப் புல் போட்டு, இரண்டு முயல்களையும் சேர்த்தே கொண்டு போங்கள். வைத்தியரிடம் போவதற்காக முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் பட்டினிக்குத் தேவையே இல்லை. மாறாக, வயிறு காலியாக இருந்தால் அதன் குடல் இயக்கம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. நோய் எதுவாக இருந்தாலும், ஒரு முயல் 12 மணி நேரத்துக்கு மேல் எதுவுமே தின்னாமல் இருந்தால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும்.

சிற்றுண்ணி என்று உறுதியானால் வைத்தியர் வழக்கமாகத் தருவது ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின். அளவு முயலின் எடையைப் பொறுத்தது என்பதால், மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிஞ்சியதை உத்தேசமாகக் கொடுப்பது கூடாது. ஒரு தடவையோடு சிகிச்சை முடியாது. முட்டையிலிருந்து வளர்ந்து மீண்டும் முட்டையிடும் இந்தச் சிற்றுண்ணியின் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய 5 வாரங்கள் நீடிப்பதால், வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். முடி கொட்டாத இரண்டாவது முயலுக்கும் மருந்து தேவை. கூட்டில் விரித்திருக்கும் வைக்கோல், சாக்கு ஆகியவற்றை அகற்றிவிட்டு, கூட்டை வெந்நீரால் கழுவிக் காயவைத்த பிறகே முயல்களை உள்ளே விடுங்கள். முயலையே குளிப்பாட்டும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். அடர்ந்த உரோமம் எளிதில் காயாது. டிக்கோயாக் குளிரில் நனைந்த முயல் உடல் சூட்டை இழந்து அதிர்ச்சிக்கு உள்ளாகும். தென்மேல் பருவமழைக் காலத்தில் லயன் வீடுகளின் பின்புறத்து ஈரச் சுவரோடு ஒட்டிக் கூடு வைப்பதும் தோல் நோய்களுக்கு இடம் கொடுக்கும்.

மகளின் தடிப்புகள் சிற்றுண்ணியால் வந்தவையானால், முயல் குணமானதும் அவையும் மறைந்துவிடும். மனித உடலில் அந்த உயிரி நிலைத்து வாழாது. படர்தாமரை அப்படிப்பட்டதன்று. அது மனிதருக்குத் தொற்றிப் பரவும். அதற்குத் தனியாக மருந்து வேண்டும். ஆகவே பிள்ளையை ஒருமுறை வைத்தியசாலையில் காட்டுங்கள். வீட்டில் முயல் இருப்பதை அங்கே சொல்ல மறக்காதீர்கள்.

இனிக் கடைக்காரரின் பொறுப்பு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பணம் நீங்கலான அசையும் பொருட்கள் எல்லாவற்றையும் "பொருள்" என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. முயலும் அதில் அடங்கும். வாங்கும் வேளையிலேயே முயலுக்கு நோய் இருந்தது என்று காட்ட முடிந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டு மாதங்கள் கழிந்த பின்னர் அதை நிறுவுவது கடினம். வேறொரு விலங்கிலிருந்தோ போட்ட வைக்கோலிலிருந்தோ தொற்றியது என்று கடைக்காரர் வாதிடலாம், அதை முற்றாக மறுக்கவும் முடியாது. மருந்து பற்றிய உங்கள் முறைப்பாடுதான் பலமானது. பெயரோ உற்பத்தித் திகதியோ இல்லாத போத்தலை மருந்தென்று விற்றதும், நாய்க்கென்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதை முயலுக்கு ஏற்றதெனச் சொல்லி விற்றதும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் தவறான எடுத்துரைப்பாகக் கேள்விக்கு உள்ளாகக்கூடிய செயல்கள்.

அச்சட்டப்படி முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முயல்களைப் பொறுத்தவரை உங்களுக்குச் சில வாரங்களே எஞ்சியுள்ளன. முதலில் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்க மறுத்தால் நுவரெலியா மாவட்டத்திலுள்ள அதிகாரசபை அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லையென்று நீங்கள் தயங்கலாம். கடைக்காரருடன் பரிமாறிய குறுஞ்செய்திகள், பெட்டி, போத்தல், வைத்தியரின் எழுத்துக் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். விசாரணையின் பின்னர் நட்டஈடு, பொருள் மாற்றம், பணம் திருப்பித் தருதல் ஆகியவற்றுக்கு உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

ஒரு வேண்டுகோள்: வேறு முயல் தரும்படி கேட்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் நோயுற்ற முயல் சிகிச்சையின்றி இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும். இரண்டு மருந்துகளின் விலையையும் வைத்தியச் செலவையும் கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஒரேயொரு பெண் முயல்தான் இருக்கிறது. திடீரென்று தன் மார்பு முடியைத் தானே பிடுங்கிக் கூட்டின் மூலையில் குவிக்கிறது. தோலில் செதிலோ புண்ணோ இல்லை. கடையில் விற்றமின் சிரப் ஒன்றும் கல்சியம் கட்டி ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், இராகலை

பதில்: இரண்டுமே தேவையில்லை. உங்கள் முயல் கூடு கட்டுகிறது. ஆண் முயலோடு சேராமலேயே பெண் முயலுக்குப் பொய்க் கர்ப்பம் உண்டாகலாம். அது சுமார் 16 முதல் 18 நாட்களில் தானாக அடங்கும். அதுவரை குவித்த முடியைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள், கலைத்தால் இன்னும் பிடுங்கும். அண்மையில் வாங்கிய முயலாக இருந்தால் உண்மையான கர்ப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைகளில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வைத்திருப்பது வழமை, முயலின் கர்ப்பகாலமோ 30 முதல் 32 நாட்கள்தான். அடிக்கடி இப்படி நடந்தால், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால் அதற்காகச் செலவிடும் பணம் வீண்போகாது.

உணவையும் ஒருமுறை பாருங்கள். நார்ச்சத்துப் போதாத முயலும் முடியைக் கடித்துத் தின்னும். கடையில் விற்கும் குளிகைத் தீனி சிறிதளவே போதும், வயிற்றின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டியது புல். இறக்குமதியாகும் உலர்புல்லை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் கினிப் புல்லை வெட்டிப் போடலாம். தேயிலை மலையில் களைக்கொல்லி அடித்த இடத்துப் புல் மட்டும் ஆகாது. உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தாராளமாகக் கிடைக்கும் முள்ளங்கி இலையும் கரட் இலையும் நல்லவை. லீக்ஸும் உருளைக்கிழங்கு இலையும் முயலுக்குக் கேடு.

கேள்வி: மேலுள்ளது போன்ற சிக்கல்கள் வராமல் இருக்க, முயல் வாங்கும்போது கடையிலேயே எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, பண்டாரவளை

பதில்: முயலைக் கையில் எடுத்து, கழுத்தின் பின்புறத்து முடியை எதிர்த்திசையில் தடவிச் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள்ளும் தாடைக்கு அடியிலும் வாலைச் சுற்றியும் பாருங்கள். பாதங்களின் அடியைப் பார்க்க மறக்க வேண்டாம். கம்பித் தளத்தில் நாளெல்லாம் நின்ற முயலுக்கு அங்கே முடி போய்ப் புண் வந்திருக்கும். பிறகு அதே கூட்டிலுள்ள மற்ற முயல்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்றுக்கு முடி கொட்டியிருந்தாலும், நீங்கள் தேர்ந்தெடுத்த முயல் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால், புதியதைக் குறைந்தது இரண்டு வாரங்களாவது வேறு கூட்டில் வைத்துக் கவனித்த பிறகு ஒன்று சேருங்கள். பணம் கொடுக்கும்போது திகதியும், முயல் ஆணா பெண்ணா என்பதும், அதன் வயதும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.