பாசிக்குப் புது லைட் தேவையில்லை
திருகோணமலை உப்புவெளி வீட்டில் 2 அடி மீன் தொட்டி, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை லைட், கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. இன்னும் பவர் கூடிய லைட் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒளி கூடினால் பாசியும் கூடும். முதலில் ஒரு டைமர் போட்டு 6 மணித்தியாலமாகக் குறையுங்கள். ஜன்னல் வெயில் விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள், தண்ணீரை இறக்கிவிட்டு! நான் நிறைத்தபடியே தள்ளி, மூலை விட்டுப்போய், சாமத்தில் ஹோலெல்லாம் வெள்ளம்.

நீங்கள் வைத்திருக்கும் கிரிப்டோகோரைன் வென்டி நம் இலங்கை ஓடைச் செடிதான். நிழலிலும் வளரும், குறைந்த ஒளியே போதும். பிறகு லைட் மாற்றுவதென்றால் 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) வெள்ளை எல்ஈடி எடுங்கள். சூடு குறைவு, திருமலை வெக்கைக்கு அது பெரிய உதவி. தொட்டிக்கு மூடி இல்லையென்றால் நீர் புகாத லைட்டாகப் பாருங்கள்.