வயது வந்தபின் வெளிநாடு போய்ப் பிரெஞ்சு படிக்கும் 'இம்மெர்ஷன் கோர்ஸ்' என்றால் என்ன?

பிரெஞ்சு பேசும் ஊரிலேயே தங்கி, வகுப்பு, சாப்பாடு, கடைத்தெரு எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே நடத்துவதுதான் இம்மெர்ஷன். பிரான்சில் விஷி, தூர் போன்ற நகரங்களில் இதற்கென்றே பள்ளிகள் உண்டு. முதலில் தேர்வு வைத்து, ஏ1 (தொடக்க நிலை), ஏ2, பி1 என்று படிப்படியாக மேலே போகும் மொழித்திறன் நிலை பார்த்துச் சேர்ப்பார்கள்.

பலன் ஏன்? படித்த சொல் தேவைப்படும் நொடியில் வாய்க்கு வர வேண்டும். ரொட்டிக் கடையில் பின்னால் வரிசை நிற்க, முதலில் 'போன்ழூர்' (வணக்கம்) சொல்லி, அப்புறம் வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். காலி மைதானத்தில் கார் பழகியவர் நெரிசல் சாலையில் இறங்குவது போலத்தான். என்னைக் கேட்டால், விடுதியைவிட ஒரு குடும்பத்தோடு தங்குவது மேல். இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் பேச்சு வளரும்.

சரி, அங்கே போய் இருந்தாலே மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் சக மாணவர்களோடு ஆங்கிலத்துக்குத் தாவினால் ஒட்டாது.