குடியை விட்ட பிறகு வராத தூக்கம்

குடியை நிறுத்தி இரண்டு மாதமாகியும் தூக்கம் பிடிக்கவில்லை, நண்பரிடம் இருக்கும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மது வேலை செய்யும் அதே வழியில்தான், அதாவது மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் வழியாகத்தான், அந்த மாத்திரையும் வேலை செய்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள். அதைப் போட்ட இரவில் தவறிக் குடித்துவிட்டால் மூச்சே அடங்கிவிடும் அபாயமும் உண்டு.

தூக்கம் சீராகப் பல மாதங்கள்கூட ஆகலாம். எரிச்சலான செய்திதான், ஆனால் இது வழக்கமானது. தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இன்றே செய்யக்கூடியது: இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். படுத்துச் சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். பலத்த குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் காரணமாக இருக்கலாம்.