பயிற்சியைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்

தம்பி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பலராட் பக்கம் குடிவந்து சில மாதம்தான், ஊர் சி.எஃப்.ஏ. பிரிகேட்டில், அதாவது நாட்டுப்புறத் தீயணைப்புப் படையின் ஊர்க் குழுவில், தொண்டராகச் சேர ஆசை, பயிற்சி எவ்வளவு இருக்கும், வேலைக்கு இடைஞ்சலா, வவுனியாவில் முதலுதவி படித்திருப்பதால் பயிற்சியில் கொஞ்சம் கழித்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் இல்லை. உடுப்பும் பயிற்சியும் இலவசம். பொலிஸ் செக் கேட்பார்கள், பிள்ளைகளோடு பழகுவதற்கான செக்கும் கேட்பார்கள். தீ அணைக்கப் போக வேலையில் லீவு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, நிரந்தரமில்லாத காஷுவல் ஆட்களுக்கும்தான், ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் வராது. விசா, லைசென்ஸ் சங்கதிகளை உங்கள் ஊர்க் கப்டனிடம் நேரே போய்க் கேளுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். இணையத்தில் படிக்க வேண்டிய பாடம் ஒரு பங்கு, பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் தீயணைப்பு லொறியோடு நின்று பழகுவது ஒரு பங்கு. குழாய் விரிப்பது, பம்ப் இயக்குவது, வரைபடம் பார்ப்பது, ரேடியோவில் கதைப்பது, தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது எல்லாம் வரும். முடித்துத் தேறும்வரை தீக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். டிசம்பரில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அந்தக் கோடையிலேயே லொறியில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள், குளிர்காலத்திலேயே சேருங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். உங்கள் இடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் லிண்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1998 டிசம்பர் 2ஆம் தேதி அங்கே காட்டுத்தீ. ஜீலோங் மேற்குப் பிரிகேட்டிலிருந்து வந்த தொண்டர்கள் ஐந்து பேர் காற்றுத் திசை மாறியதில் லொறியோடு தீக்குள் அகப்பட்டு இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் எல்லாத் தொண்டரும் ஒரு குறைந்தபட்சப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இறுகியது. விக்டோரியாவில் காற்று இப்படித்தான்: பகல் முழுக்க வடக்கிலிருந்து அனல் காற்று அடித்துத் தீயை நீளமாக இழுத்துக்கொண்டு போகும், பிறகு தென்மேற்குக் காற்று திடீரென்று வந்து விழும், அதுவரை பக்கவாட்டில் சாதுவாக எரிந்த நீண்ட விளிம்பு முழுவதும் தீயின் முகப்பாகிவிடும். 173 பேர் இறந்த 2009 பெப்ரவரி 7இலும் இதுதான் நடந்தது. அதனால்தான் தாங்கியில் கொஞ்சத் தண்ணீரைக் கடைசிவரை தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். அது நம் உயிருக்கு.

லொறி தீயில் மாட்டினால் செய்வதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றி, திரைகளை இழுத்துவிட்டு, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து, எல்லோரும் வெக்கை தாங்கும் போர்வைக்குள் போக வேண்டும். வெளியே லொறியைச் சுற்றித் தண்ணீர் தூவிக்கொண்டிருக்கும். முழு உடுப்போடு போர்வைக்குள் பக்கத்து ஆளின் மூச்சு முகத்தில் படக் கிடந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள், கை தானாகப் போகும்வரை. இதில் என்னத்தைக் கழிப்பது?

இன்னொன்று. நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் விளங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், மேற்பார்வையாளர் கத்துவார், நேரம் குறைப்பார். அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிக்கொண்டு எத்தனையோ பேர் இந்த நாட்டில் காலம் தள்ளுகிறோம். பிரிகேட்டுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். ரேடியோ ஆங்கிலம் தனி ஆங்கிலம், பம்ப் இரைச்சலுக்கு நடுவே பாதியை விழுங்கித்தான் பேசுவார்கள். எங்கள் பிரிகேட்டில் உருளைக்கிழங்குத் தோட்டம் செய்கிற ஒரு கிழவர் இருந்தார், ஒவ்வொரு செய்தியையும் நான் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனபிறகும் லொறிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, கையில் ரேடியோவைத் தந்து, இடம், காற்று, தண்ணீர் அளவு என்று வரிசையாகச் சொல்ல வைப்பார். நல்ல மனிதர். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு ரேடியோ சொல்லிக்கொடுப்பது நான்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் சேர்கிறார்கள், மஞ்சள் உடுப்போடு லொறிக்கு முன்னால் படம் எடுத்துப் போடுகிறார்கள், பிறகு ஆளைக் காணோம். சொல்லிக்கொடுத்தவர்கள் பால் கறக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தவர்கள். அடுத்த முறை நம் பெயருள்ள ஒருவர் போய் நின்றால் இவனும் அப்படித்தானோ என்று பார்ப்பார்கள். மெல்பேர்ன் ஓரத்தில் ஏக்கர் கணக்கில் காணி வாங்கிவிட்டு கோடைக்கு முன்னால் நவம்பரில் புல் வெட்டாமல் விடுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான். அந்தப் புல் பற்றிக்கொண்டால் அணைக்கப் போவது யாரோ ஒருவருடைய பிள்ளை.

நீங்கள் அப்படியான ஆள் இல்லை என்று கேள்வியிலேயே தெரிகிறது. பயிற்சி எந்தக் கிழமை என்று விசாரித்து, சும்மா ஒரு நாள் போய் நின்று பாருங்கள். போகும்போது உடுப்புக்குள் பருத்தியோ கம்பளியோ போடுங்கள், நைலோன் வேண்டாம், வெக்கையில் உருகித் தோலோடு ஒட்டும். பின்னாளில் சுவாசக் கருவி வகுப்புக்கும் போக விருப்பமென்றால் தாடியை எடுக்க வேண்டியிருக்கும், முகமூடி முகத்தோடு இறுகிப் பொருந்த வேண்டும்.