ஒரே வீட்டுல எழுத்தும் இசையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்காரர் கதை எழுதுறவர், நான் வயலின். அவருக்கு எழுத வர்றதும் விடிகாலைல, எனக்கு கை நல்லா ஓடுறதும் அதே நேரம். நான் வில்லை எடுத்தா அவருக்கு ஒரு வரி நகராது, எடுக்கலேன்னா எனக்கு நாள் பூரா எரிச்சல். இதுவரைக்கும் விட்டுக் கொடுக்கிறது நான்தான்.

பதில்: ரெண்டு பேருமே கலைஞர்கள், கொடுத்து வச்சவங்கன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க, உள்ள இருக்கிறவங்களுக்குத்தானே தெரியும்! ஜெர்மனியில இருந்த கிளாரா ஷூமன் இதை நல்லாவே அனுபவிச்சிருக்காங்க. சின்ன வயசுலயே மேடை ஏறிப் பேர் வாங்கின பியானோ கலைஞர், 1840-ல இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனைக் கட்டிக்கிட்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே டைரி எழுதினாங்க, கேட்க எவ்வளவு அழகா இருக்கு. அதே டைரியில, அவர் இசை எழுதுற நேரத்துல நான் பியானோவைத் தொட முடியலை, என் வாசிப்பு பின்தங்குதுன்னு புலம்பியும் வச்சிருக்காங்க. எட்டுக் குழந்தைங்க வேற. அப்புறம் டுசல்டார்ஃப் ஊர்ல, அவருக்குக் கேட்காம வாசிக்கிற மாதிரி ஒரு வீடு அமைஞ்சுது, 1853 ஒரே வருஷத்துல பியானோவுக்கு, வயலினுக்கு, பாட்டுக்குன்னு எழுதித் தள்ளிட்டாங்க. அதுவரைக்கும் திறமை இல்லாமலா இருந்துது? சத்தம் போட இடம் இல்ல, அவ்வளவுதான்.

அதனால "என்னைப் புரிஞ்சுக்கோங்க"ன்னு ஆரம்பிக்காம ரூமையும் கடிகாரத்தையும் பத்திப் பேசுங்க. தனி ரூம் இல்லேன்னா பாதி நாள் விடிகாலை உங்களுது, மீதி அவருது. உங்க நாள்ல அவர் நோட்டைத் தூக்கிட்டு நகரட்டும், கைல அடங்குற சாமான்தானே. அவர் நாள்ல வயலின் பிரிட்ஜ் மேல, அதான் கம்பியைத் தாங்குற கட்டை மேல, ரப்பர் பிராக்டிஸ் மியூட் மாட்டிட்டு விரல் வேலையை மட்டும் பாருங்க, சத்தம் நல்லாவே அடங்கும், ஆனா அதுலயே பழகிடாதீங்க, சொந்த நாதம் காதுக்கு மறந்துபோகும். இன்னொண்ணு, முழுசா ஒரு பாட்டு வாசிச்சா எழுதுறவங்க எப்படியோ சமாளிச்சிடுவாங்க, விரல் தடுமாறுற ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீங்க பாருங்க, அதுதான் மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அதை உங்க நாளுக்கு வச்சுக்கோங்க.

கேள்வி: நான் வரி எழுதுவேன், மனைவி மெட்டு போடுவாங்க. வார்த்தையை மாத்துங்கன்னு அவங்க சொன்னா எனக்கு சுருக்குன்னு கோபம் வருது.

பதில்: வரட்டும் சார், ஆனா அவங்க சொல்றதைப் பாடிப் பாத்துட்டு கோபப்படுங்க. நீங்க "மனம்"னு எழுதியிருப்பீங்க, மெட்டு அந்த முதல் எழுத்துல நீளும், கேட்கிறவனுக்கு "மானம்"னு விழும். சந்தம் இடிக்குதுன்னுதான் சொல்றாங்க, கவிதையைக் குறை சொல்லல. அந்த இடத்தை வார்த்தை இல்லாம தத்தகாரத்துல பாடி போன்ல ரெக்கார்ட் பண்ணித் தரச் சொல்லுங்க, தனியா உக்காந்து வேற வார்த்தை தேடுங்க, எதிர்ல நின்னுட்டுத் தேடினா வாக்குவாதம்தான் வரும். அடுத்த பாட்டுக்கு வரியை முதல்ல கொடுத்துடுங்க, இந்தத் தடவை மெட்டு வளையட்டும்.

இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கரோட மனைவி ஆலிஸ் கல்யாணத்துக்கு முன்னாடியே நாவல் எழுதி வெளியிட்டவங்க. அவங்க கவிதை ஒண்ணு 1899-ல அவரோட 'சீ பிக்சர்ஸ்'ங்கிற பாட்டுத் தொகுப்புல பாட்டாச்சு, அது சந்தோஷம். ஆனா அவர் இசை எழுத வெறும் தாள்ல கோடு போட்டுக் கொடுத்ததும் அவங்கதான். அதை ரொம்பப் பேர் உருகி உருகிச் சொல்றாங்க, எனக்கென்னவோ அந்த நேரத்துக்கு இன்னொரு நாவல் வந்திருக்கும்னுதான் தோணுது.

கேள்வி: சேர்ந்து பண்ற பாட்டுல பேரை எப்படிப் போடுறது?

பதில்: ஷூமன் ஜோடி 1841-ல பன்னெண்டு பாட்டை எது யாரோடதுன்னு சொல்லாமலே சேர்த்து வெளியிட்டாங்க, மூணு கிளாராவோடது. ரொமான்டிக்தான், ஆனா நீங்க அப்படிப் பண்ணாதீங்க. வரிக்கு உரிமை வேற, மெட்டுக்கு வேற. எது யாரோடது, வர்ற பணத்துல யாருக்கு எவ்வளவுன்னு பாட்டு வெளிய போறதுக்கு முன்னாடியே ஒரு மெயில்ல போட்டு ரெண்டு பேரும் ஓகே சொல்லிடுங்க.