ஷென்நோங் என்ற ஒரே ஆளா விவசாயத்தைக் கண்டுபிடித்தார்?

கேள்வி: சீனாவில் விவசாயத்தைக் கண்டுபிடித்தவர் ஷென்நோங் என்ற அரசர் என்று ஆறாவது படிக்கும் என் மகள் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். மாட்டுத் தலையும் மனித உடம்புமாக இருக்கிறார். இது வரலாறா, கட்டுக்கதையா? கதைதான் என்றால் இதைப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: கதைதான். தனி ஓர் ஆள், அதுவும் ஓர் அரசர், விவசாயத்தைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் தியன்லுவோஷான் என்ற இடத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த பழைய நெல்லை ஆராய்ந்திருக்கிறார்கள். காட்டு நெல் முற்றியதும் தானே உதிர்ந்துவிடும், வயல் நெல்லோ நாம் அடித்தால்தான் உதிரும். அப்படி உதிராத நெல்லின் பங்கு அங்கே 27 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக ஏறுவதற்கே சுமார் 300 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, இன்றைக்கு 6900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6600 வரை. பத்துப் பன்னிரண்டு தலைமுறை! அந்த வயலில் இறங்கி அறுத்த ஒருவருக்கும் தாங்கள் ஒரு பயிரையே மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்காது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை, அரசர் பெயர் மட்டும் இருக்கிறது. எனக்கு வருத்தமே அதுதான்.

ஆனால் "கதைதான் என்றால் எதற்கு" என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாட்டுத் தலையை விடுங்கள், அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஹுவாய்நான்சி என்ற நூலில், எந்தச் செடியைத் தின்னலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று மக்களுக்குச் சொல்வதற்காக ஷென்நோங் ஒவ்வொன்றாகத் தானே வாயில் போட்டுப் பார்க்கிறார், ஒரே நாளில் 70 முறை விஷம் தீண்டுகிறது. வானத்திலிருந்து வரமாக விழுந்த சோறு இல்லை இது. பசியில் கண்டதைத் தின்று பார்த்துச் செத்துப்போன எத்தனையோ பேருடைய நினைவு அந்த ஒரு ஆளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் ஹோவ் ஜி, சீனக் கதைகளில் வரும் இன்னொரு விவசாய நாயகர். பெயரை 'தினைக்கு அதிபதி' என்று சொல்லலாம். (தினை முதன்முதலில் பயிரானது வட சீனத்தில்தான், நம் வள்ளி காவல் காத்த அதே தினை.) இவருடைய தாய் ஜியாங் யுவான், தெய்வத்தின் காலடித் தடத்தை மிதித்துக் கருவுற்றவள். பிள்ளையைச் சந்தில் போட்டார்கள், ஆடுமாடுகள் காப்பாற்றின. பனிக்கட்டியின் மேல் போட்டார்கள், பறவைகள் சிறகால் மூடின. வீசி எறியப்பட்டவன் என்பதால் 'சி' என்றே பெயர், அந்தச் சொல்லுக்கு அர்த்தமே அதுதான். ஷிஜிங் என்ற தொகுப்பில் 2500 ஆண்டுகளுக்கும் பழைய பாட்டு ஒன்றில் இந்தக் கதை வருகிறது, ஆனால் என்னை உட்கார வைத்தது அற்புதங்கள் அல்ல, அதற்குப் பிறகு வரும் வரிகள். அடர்ந்த புல்லைக் களைந்து விதைக்கிறான், முளை கட்டுகிறது, குருத்து நீள்கிறது, கதிர் வெளியே வருகிறது, மணி முற்றிக் கதிர் தலை சாய்கிறது. அறுத்துத் தோளிலும் முதுகிலும் சுமந்து வீட்டுக்கு வருகிறார்கள், குத்துகிறார்கள், புடைக்கிறார்கள், களைகிறார்கள். களையும் சத்தத்துக்கு 'சோவ் சோவ்', ஆவி பறப்பதற்கு 'ஃபூ ஃபூ' என்று பாட்டிலேயே இருக்கிறது. வயலையும் உலையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் பாடியது அது, எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளத்தை அடக்கியதாகக் கதை சொல்லும் யூ என்ற அரசரையும் விட்டுவிட முடியாது. தண்ணீரை அணை போட்டு மறித்துத் தோற்றவர் அவருடைய அப்பா குன். மகன் வாய்க்கால் வெட்டி வடிய விட்டார், 13 ஆண்டுகள், சொந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனபோதும் உள்ளே நுழையாமல்.

சரி, இந்தக் கதைகளை அரசர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளவில்லையா? நன்றாகவே ஆக்கிக்கொண்டார்கள். பெய்ஜிங்கில் முதல் உழவருக்கென்று, அதாவது ஷென்நோங்குக்கென்று, 1420இல் கட்டிய பலிபீட வளாகம் இருக்கிறது, அங்கே மிங், சிங் வம்சப் பேரரசர்கள் வசந்த காலத்தில் வந்து ஏர் பிடித்தார்கள். பேரரசர் உழுத நிலம் சீன நில அளவில் 1.3 மூ, நம் கணக்கில் ஏறத்தாழ 20 சென்ட்.

ஆனால் அதே ஷென்நோங்கைக் காட்டி அரசனையே கேள்வி கேட்ட ஒருவரும் உண்டு, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், ஷூ சிங் என்பவர். ஷென்நோங்கின் போதனையைப் பின்பற்றுகிறோம் என்று சில பத்துப் பேரோடு தெங் என்ற சின்ன நாட்டுக்கு வந்தார், முரட்டுத் துணி உடுத்தி, செருப்புப் பின்னி, பாய் முடைந்து பிழைத்தார்கள். நல்ல அரசன் என்றால் குடிகளோடு சேர்ந்து உழுது, தன் சோற்றைத் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும், களஞ்சியமும் கருவூலமும் நிரப்பி வைத்திருப்பவன் மக்களை வருத்தி வயிறு வளர்க்கிறான் என்பது அவர்கள் வாதம். கன்பூசியஸ் வழியில் வந்த தத்துவ அறிஞர் மென்சியஸ் இதை மடக்கினார்: ஷூ சிங் தன் தொப்பியைத் தானே நெய்கிறாரா, இல்லையே, தானியம் கொடுத்துத்தானே வாங்குகிறார், எல்லா வேலையையும் எல்லோரும் செய்ய முடியுமா என்று. தொழில் பிரிவு பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் களஞ்சியம் யாருடைய உழைப்பால் நிரம்புகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்குச் சொல்லுங்கள். 70 விஷத்தையும் சொல்லுங்கள், அந்த 300 ஆண்டுகளையும் சொல்லுங்கள், ஷூ சிங் கேட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.