பருவகால ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது? இணையான தமிழ்ப் பழமொழியைச் சொன்னால் போதாதா?

போதாது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் பதினோரு வருடமாக மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பி.எட். படித்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் டியூஷன் பிள்ளைகளைக் கைடில் இருக்கும் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்பதையே எடுங்கள். கஷ்ட காலத்துக்குச் சேர்த்து வை என்று பொருள். முதல் வருடம் இதை நடத்தியபோது ஒரு பெண் எழுந்து, "மழை நல்லதுதானே டீச்சர், அதுக்கு ஏன் பயந்து காசு சேக்கணும்?" என்றாள். ஊரில் மானாவாரி நிலம் வைத்திருக்கிற குடும்பம் அவளுடையது. அவள் கேட்டது நியாயம்.

நான் கைடை மூடிவிட்டு 2005 ஜூலை 26-ஐச் சொன்னேன். மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கியதில் எங்கள் சந்தில் மார்பளவு தண்ணீர். அம்மா இட்லி அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். ஸ்டவ், கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாம் போயிற்று. ஆனால் பரணில் ஒரு டப்பாவில் பத்தும் இருபதுமாகப் போட்டு வைத்திருந்தாள், எங்களுக்கே தெரியாது. 4,300 ரூபாய் இருந்தது. மறு வாரம் அதில்தான் மறுபடி அரிசி ஊறப்போட்டோம். "அந்த நாள்தான் ரெய்னி டே" என்றேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "எங்க அம்மா பருப்பு டப்பால வெச்சிருக்கு" என்றான். அந்தத் தொடரை அவர்களுக்கு இரண்டாவது முறை நடத்த வேண்டியிருக்கவில்லை.

(தாராவி என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று: மும்பையின் பல தெருக்களில் நீங்கள் காலையில் சாப்பிடும் இட்லி எங்கள் சந்துகளில் விடிவதற்கு முன் அவித்தது.)

தமிழ்ப் பழமொழி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்' வந்தால் நானும் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றுதான் சொல்கிறேன். அங்கே புல்லை உலர்த்த வெயில் வேண்டும், இங்கே பதரைப் பிரிக்கக் காற்று வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'ஒன் ஸ்வாலோ டஸ் நாட் மேக் எ சம்மர்' வரும்போது என்ன செய்வீர்கள்? ஒரு குருவி வந்ததை வைத்துக் கோடை வந்துவிட்டது என்று சொல்லாதே, அதாவது ஒரே ஒரு நல்ல அறிகுறியை நம்பி முடிவு கட்டாதே என்று பொருள். அந்தத் தகைவிலான் குருவி ஆப்பிரிக்காவிலிருந்து வசந்தத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பும். கோடை வருகிறது என்று அவர்கள் சந்தோஷப்படுவார்கள். நம் பக்கம் அது குளிர்காலத்தில்தான் வரும், நமக்குக் கோடை என்றால் வேர்க்குரு. இதைச் சொல்லாமல் அர்த்தத்தை மட்டும் கொடுத்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

குளிரும் சூடும்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நமக்கு மனசு குளிரும், கண் குளிரப் பார்ப்போம், வயிறு எரிந்தால் பொறாமை. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டும் ஊர்க்காரர்களுக்கு நல்லதெல்லாம் 'வார்ம்', ஒதுக்குவது 'கோல்டு ஷோல்டர்'. என் முதல் வேலையில், முதல் வாரம் எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்று 'தேங்க்யூ ஃபார் தி கோல்டு வெல்கம்' என்று மெயில் அனுப்பினேன். மேலாளர் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். மொத்த ஆபீஸும் சிரித்தது. எது தப்பு, ஏன் தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதினாறு வருடம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் ஒவ்வொரு ஜூனிலும், வகுப்பின் முதல் நாள், வேறெதையும் தொடங்கும் முன் போர்டில் இரண்டு வரி எழுதுகிறேன். நமக்குக் குளிர்ந்தால் நல்லது. அவர்களுக்குச் சூடானால் நல்லது. அப்புறம் அதற்கு உதாரணங்களைப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.